ஒன்பது சிறுமிகளோடு தொடங்கிய தமிழ்ப் பெண்கள் பள்ளி: சோபியா பிளாக்மோர் அம்மையாரின் வாழ்க்கை

பள்ளி திறக்கும் முதல் நாள் காலை எப்படி இருக்கும் என்று ரவாங் வட்டாரத்துப் பெற்றோருக்குச் சொல்ல வேண்டியதில்லை. பாலர் பள்ளி வாசலில் அம்மாவின் சுடிதார் நுனியை விடாமல் அழும் பிள்ளை ஒரு பக்கம். வேலைக்கு நேரமாகிவிட்டது என்று தெரிந்தும் ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்துக்கொண்டே நிற்கும் அப்பா இன்னொரு பக்கம். உள்ளே ஓர் ஆசிரியை ஒரு பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு, இன்னொரு பிள்ளையின் மூக்கைத் துடைத்துக்கொண்டு, மூன்றாவது பிள்ளையின் பெயரைக் கேட்டுக்கொண்டிருப்பார்.

அந்தப் பிள்ளைகளில் பாதிப் பேர் பெண் பிள்ளைகள். அதை யாரும் ஒரு செய்தியாகவே நினைப்பதில்லை. ஆனால் ஒரு தமிழ்ச் சிறுமி பள்ளிக்கூடம் போவது இந்த மண்ணில் பெரிய செய்தியாக இருந்த காலம் ஒன்று உண்டு. அந்தக் காலத்தில் கடல் கடந்து வந்து, தமிழ்ச் சிறுமிகளுக்காக ஒரு பள்ளியைத் தொடங்கிய வெள்ளைக்காரப் பெண்மணியின் பெயர் சோபியா பிளாக்மோர்.

சிங்கப்பூரில் அவர் பெயர் இன்றும் ஒரு சாலைக்கு உண்டு. ஆனால் அவர் தொடங்கிய பள்ளி முதலில் தமிழ்ப் பெண்கள் பள்ளியாக இருந்தது என்பது நம்மில் பலருக்குத் தெரியாது.

அன்றைய மலாயா

அம்மையார் சிங்கப்பூரில் வந்து இறங்கியது 1887ஆம் ஆண்டு. அப்போது இந்தக் கிள்ளான் பள்ளத்தாக்கு எப்படி இருந்தது என்பதை ஒரு நிமிடம் நினைத்துப் பார்க்க வேண்டும்.

கோலாலம்பூரையும் கிள்ளானையும் நோக்கிய ரயில் பாதை 1886இல்தான் திறக்கப்பட்டது. ரவாங்கிற்கு ரயில் வந்தது 1892இல். தம்புசாமிப் பிள்ளையும் லோக் இயூவும் ரவாங் ஈயச் சுரங்கத்திற்கு மின்சாரம் கொண்டுவந்தது 1894இல். நாட்டிலேயே மின்சாரத்தை முதலில் பயன்படுத்திய இடங்களில் ஒன்று என்று ரவாங் இன்றும் பெருமைப்படுகிறது. கோலாலம்பூரில் விக்டோரியா பள்ளி 1893இல் தொடங்கியது. தம்புசாமிப் பிள்ளை அதற்கும் துணை நின்றார். அவரே சிங்கப்பூரில் பிறந்து, அங்குள்ள ராஃபிள்ஸ் பள்ளியில் படித்தவர்.

ஆனால் விக்டோரியா ஆண் பிள்ளைகளுக்கான பள்ளி. ரயில் வந்தது, விளக்கு வந்தது, பையன்களுக்குப் பள்ளியும் வந்தது. பெண் பிள்ளைகளின் முறை அவ்வளவு சீக்கிரம் வரவில்லை. அன்று மலாயாவுக்கு வந்த தமிழர்களில் பெரும்பாலோர் ஆண்கள். குடும்பத்தோடு வந்தவர்கள் குறைவு. வந்த குடும்பங்களிலும் பெண் பிள்ளையைப் படிக்க வைப்பது பற்றி யோசித்தவர்கள் அதைவிடக் குறைவு.

அந்தக் குறைவான சிலரில் சிலர் சிங்கப்பூரில் இருந்தார்கள்.

கோல்பர்னில் பிறந்தவர்

சோபியா பிளாக்மோர் 1857ஆம் ஆண்டு அக்டோபர் 18ஆம் தேதி ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தில் உள்ள கோல்பர்ன் நகரத்தில் பிறந்தார். இறைப்பணிக்காக வெளிநாடு போக வேண்டும் என்ற ஆசை அவருக்கு இளம் வயதிலேயே இருந்தது. ஆனால் திருமணம் ஆகாத ஒரு பெண்ணைத் தனியாக வெளிநாட்டு ஊழியத்திற்கு அனுப்பும் வழக்கம் அவர் சார்ந்திருந்த ஆஸ்திரேலிய மெதடிஸ்ட் சபையில் அப்போது இல்லை. மிஷனரியின் மனைவியாகப் போகலாம். மிஷனரியாகப் போக முடியாது.

இந்த நேரத்தில் இசபெல்லா லியோனார்ட் என்ற அமெரிக்க நற்செய்தியாளர் ஆஸ்திரேலியாவுக்கு வந்தார். அமெரிக்க மெதடிஸ்ட் பெண்கள் 1869இல் தங்களுக்கென்று ஒரு வெளிநாட்டு மிஷனரி சங்கம் அமைத்திருந்தார்கள். ஆசிரியைகளையும் பெண் மருத்துவர்களையும் அந்தச் சங்கமே பணம் திரட்டி அனுப்பிக்கொண்டிருந்தது. அந்தச் சங்கம் முதலில் அனுப்பிய ஆசிரியை இசபெல்லா தோபர்ன். அவர் 1870இல் இந்தியாவின் லக்னோ நகரத்துக் கடைத்தெருவில் 6 சிறுமிகளை வைத்து ஒரு வகுப்பைத் தொடங்கினார். அந்த வகுப்பு வளர்ந்து பிறகு ஒரு பெண்கள் கல்லூரியாகவே ஆனது.

சோபியாவுக்கு இது ஒரு கதவு திறந்தது போல இருந்தது. லியோனார்ட் அம்மையாரோடு சேர்ந்து அவர் இந்தியாவுக்குப் பயணமானார். அங்கே மெதடிஸ்ட் பெண்களின் பணிகளை அருகில் இருந்து பார்த்தார். சிங்கப்பூருக்கு ஒரு பெண் ஆசிரியை வேண்டும் என்ற அழைப்பு அங்குதான் அவரைத் தேடி வந்தது.

ஒரு பெண்மணி கொடுத்த வாக்கு

அந்த அழைப்புக்குப் பின்னால் இன்னொரு பெண்ணின் துணிச்சல் இருந்தது. சிங்கப்பூரில் பெண்களுக்காக வேலை தொடங்க வேண்டும் என்ற கோரிக்கை அமெரிக்கச் சங்கத்தின் முன் வந்தபோது, ஏற்கெனவே உள்ள செலவுகளையே தாங்க முடியவில்லை என்று பலர் தயங்கினார்கள். அப்போது மினசோட்டா மாநிலத்தைச் சேர்ந்த மேரி நிண்ட் என்ற பெண்மணி எழுந்து, 3000 டாலரைத் தாம் திரட்டித் தருவதாக வாக்குக் கொடுத்தார். மினசோட்டா அமெரிக்காவின் கடுங்குளிர்ப் பகுதி. சிங்கப்பூரோ பூமத்திய ரேகைக்குப் பக்கத்தில் இருக்கும் தீவு. பனியில் உறைந்து கிடக்கும் ஊர்ப் பெண்கள் வெயில் ஊர்ப் பெண்களுக்காகப் பணம் சேர்த்தார்கள்.

சிங்கப்பூரில் மெதடிஸ்ட் பணியை நடத்தியவர் வில்லியம் ஓல்ட்ஹாம். அவர் பெங்களூரில் பிறந்தவர். நில அளவைத் துறையில் வேலை பார்த்துவிட்டு ஊழியத்திற்கு வந்தவர். 1885இல் சிங்கப்பூருக்கு வந்த அவர், அடுத்த ஆண்டு மார்ச் 1ஆம் தேதி 13 பையன்களோடு ஆங்கிலோ சீனப் பள்ளியைத் தொடங்கியிருந்தார்.

1887 ஜூலை 16ஆம் தேதி சோபியா சிங்கப்பூரில் வந்து இறங்கினார். அவருக்கு அப்போது 29 வயது. அந்தப் பெண்கள் சங்கம் சிங்கப்பூருக்கு அனுப்பிய முதல் மிஷனரி அவர்தான்.

கேட்டவர்கள் தமிழ்த் தந்தைமார்

இந்தக் கதையில் தமிழர்கள் பெருமைப்பட வேண்டிய பகுதி இதுதான். பொதுவாக மிஷனரி பள்ளிகளின் வரலாற்றில், பள்ளியைத் தொடங்கிவிட்டுப் பிள்ளைகளைத் தேடி அலைவார்கள். இங்கே நடந்தது வேறு. சிங்கப்பூரில் இருந்த இந்திய வணிகர்கள் சிலர், தங்கள் பெண் பிள்ளைகளுக்கு ஒரு பள்ளி வேண்டும் என்று தாங்களாகவே வந்து கேட்டார்கள்.

சோபியா வந்து ஒரு மாதம்தான் ஆகியிருந்தது. மொழி தெரியாது. ஊர் பழக்கமில்லை. தனிக் கட்டடம் கிடையாது. இதையெல்லாம் சரிசெய்துகொண்டு அடுத்த ஆண்டு பார்க்கலாம் என்று அவர் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

1887 ஆகஸ்ட் 15ஆம் தேதி ஷார்ட் ஸ்திரீட்டில் ஒரு கடைவீட்டில் பள்ளி திறந்தது. வந்தவர்கள் 9 சிறுமிகள். பள்ளியின் பெயர் தமிழ்ப் பெண்கள் பள்ளி.

சரியாக 60 ஆண்டுகள் கழித்து அதே தேதியில் இந்தியா விடுதலை பெற்றது. ஷார்ட் ஸ்திரீட் கடைவீட்டில் அந்த ஒன்பது பிள்ளைகளுக்குக் கிடைத்ததும் ஒரு விதமான விடுதலைதான்.

சின்னப் பிள்ளைகளிடம் கற்ற பாடம்

சின்னப் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுக்கும் வேலை உலகம் முழுவதும் அப்போதுதான் ஒரு தனிக் கலையாக வளர்ந்துகொண்டிருந்தது. ஜெர்மனியில் ஃபிரீட்ரிக் ஃபுரோபெல் என்பவர் 1837இல் குழந்தைகளுக்கென்று ஒரு நிலையத்தைத் தொடங்கி, அதற்குப் பிறகு கிண்டர்கார்ட்டன் என்று பெயர் வைத்தார். குழந்தைகளின் தோட்டம் என்பது அதன் பொருள். விளையாட்டு, பாட்டு, கைவேலை ஆகியவை மூலமாகக் குழந்தை கற்கும் என்பது அவர் கொள்கை. 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் வெளிநாடுகளுக்குப் போன பெண் மிஷனரிகள் பலர் இந்த முறையைத் தாங்கள் போன ஊர்களுக்குக் கொண்டு சென்றார்கள்.

சோபியா தொடங்கியது அந்த அர்த்தத்தில் கிண்டர்கார்ட்டன் இல்லை. ஆனால் அவர் எதிர்கொண்ட நிலைமை இன்றைய பாலர் பள்ளி ஆசிரியைகளுக்குத் தெரிந்த நிலைமைதான். எதிரே இருப்பது இதற்கு முன் பள்ளி என்ற ஒன்றையே பார்க்காத பிள்ளை. அதன் வீட்டில் பேசும் மொழி ஆசிரியைக்குத் தெரியாது. ஆசிரியை பேசும் மொழி பிள்ளைக்குத் தெரியாது. பிள்ளையின் அம்மாவும் பள்ளிக்குப் போனவர் இல்லை என்பதால், இங்கே என்ன நடக்கிறது என்று வீட்டில் விளக்கிச் சொல்லவும் ஆள் இல்லை.

இந்த நிலைமையில் ஓர் ஆசிரியை செய்யக்கூடிய முதல் வேலை, தாமே மாணவியாக மாறுவதுதான். சோபியா மலாய் மொழியைக் கற்றுக்கொண்டார். பஜார் மலாய் அன்று சிங்கப்பூரில் தமிழரும் சீனரும் மலாய்க்காரரும் ஒருவரோடு ஒருவர் பேசிக்கொள்ளும் பொது மொழி. அதன் பிறகு சீனமும் படித்தார். மலாயில் சரளமாகப் பேசும் அளவுக்கு வளர்ந்த பிறகுதான் வீட்டுப் பெண்கள் அவரிடம் மனம்விட்டுப் பேசத் தொடங்கினார்கள்.

வீடு வீடாக

தமிழ்ச் சிறுமிகளின் பள்ளி நடந்துகொண்டிருக்கும்போதே, சோபியாவின் கவனம் தெலோக் ஆயர் பகுதியில் வாழ்ந்த பாபா நோன்யா குடும்பங்களின் பக்கம் திரும்பியது. அந்தக் குடும்பங்களில் பெண் பிள்ளை பருவ வயதை நெருங்கியதும் வீட்டுக்குள்ளேயே வைத்துவிடுவார்கள். திருமணம் வரை வெளியே வர வழியில்லை. நம் குடும்பங்களிலும் ஒரு காலத்தில் இதே வழக்கம் இருந்தது.

தமிழ்த் தந்தைமார் கேட்டு வந்தது போல இங்கே யாரும் வரவில்லை. சோபியாதான் போனார். ஒவ்வொரு வீட்டுக் கதவாகத் தட்டினார். பெண் படித்து என்ன செய்யப் போகிறாள், அவள் சம்பாதித்துச் சாப்பிட வேண்டிய நிலையில் நாங்கள் இல்லையே என்பதுதான் அவருக்குக் கிடைத்த பதில். படிப்பு என்றால் பிழைப்புக்கு, பிழைப்பு ஆண்களுக்கு, ஆகவே பெண்ணுக்குப் படிப்பு வேண்டாம் என்ற கணக்கு அது.

இந்தக் கணக்கோடு வாதாடி வெல்ல முடியாது என்பதை அவர் சீக்கிரமே புரிந்துகொண்டார். ஆகவே வாதாடவில்லை. மறுபடியும் மறுபடியும் போனார். உட்கார்ந்தார். பேசினார். பிள்ளைகளைப் பற்றி விசாரித்தார். கடைசியில் நோன்யா பூன் என்ற பெண்மணி தம் வீட்டிலேயே வகுப்பு நடத்த இடம் கொடுத்தார். 1888இல் அங்கே 8 சிறுமிகளோடு இரண்டாவது பள்ளி தொடங்கியது. பக்கத்து வீட்டுப் பெண்மணியின் கூடத்தில் நடக்கும் வகுப்பு என்பதால் தாய்மார்களுக்குப் பயம் குறைந்தது. தெலோக் ஆயர் பெண்கள் பள்ளி என்று அழைக்கப்பட்ட அதுதான் இன்று ஃபேர்ஃபீல்ட் மெதடிஸ்ட் பள்ளியாக இருக்கிறது.

ஒரு பள்ளி 9 பேர். இன்னொரு பள்ளி 8 பேர். இரண்டையும் சேர்த்தால் இன்றைய ஒரு பாலர் பள்ளி வகுப்புக்குக்கூடப் போதாது.

வீடில்லாத பிள்ளைகளுக்கு வீடு

பள்ளிக்கு வரும் பிள்ளைகளைத் தவிர, போக்கிடம் இல்லாத பிள்ளைகளும் அன்றைய சிங்கப்பூரில் இருந்தார்கள். பெற்றோரை இழந்தவர்கள், கைவிடப்பட்டவர்கள், விற்கப்பட்டு வேலைக்காரிகளாக வளர்ந்தவர்கள் என்று துறைமுக நகரத்தில் எத்தனையோ சிறுமிகள்.

அவர்களுக்காக சோபியா 1890இல் ஒரு விடுதி இல்லத்தைத் தொடங்கினார். அந்த இல்லம் பின்னாளில், முதலில் பணம் திரட்டித் தருவதாக வாக்குக் கொடுத்த மேரி நிண்டின் பெயரால் நிண்ட் இல்லம் என்று அழைக்கப்பட்டது. சோபியா அங்கேயே பிள்ளைகளோடு வாழ்ந்தார்.

அம்மையார் திருமணம் செய்துகொள்ளவில்லை. ஆனால் பிள்ளைகள் இல்லாதவர் என்று அவரைச் சொல்ல முடியாது. இல்லத்தில் வளர்ந்த பிள்ளைகள் பெரியவர்களாகி, மணமாகி, தங்கள் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு அவரைப் பார்க்க வந்தார்கள். மாணவியின் பிள்ளை மறுபடியும் மாணவியாக வந்து நிற்பதைப் பார்ப்பது ஓர் ஆசிரியைக்குக் கிடைக்கும் பெரிய சந்தோஷம். நாற்பது ஆண்டு ஒரே ஊரில் இருந்தவருக்குத்தான் அது கிடைக்கும்.

மதமும் படிப்பும்

சோபியா ஒரு மிஷனரி என்பதை மறந்துவிட்டு அவர் கதையைச் சொல்வது நேர்மையாகாது. கிறிஸ்துவின் நற்செய்தியைச் சொல்வதற்காகவே அவர் வந்தார். அதை அவர் மறைக்கவும் இல்லை. பள்ளியில் வேதப் பாடமும் கீர்த்தனைகளும் இருந்தன. 1894இல் வில்லியம் ஷெல்லபியரோடு சேர்ந்து மலாய் பேசும் பாபா நோன்யா மக்களுக்காக ஒரு சபையை உருவாக்க உதவினார். கம்போங் காப்பூர் மெதடிஸ்ட் தேவாலயமாக அந்தச் சபை இன்றும் இயங்குகிறது. சஹாபாட், அதாவது நண்பன், என்ற பெயரில் மலாய் மொழியில் ஒரு கிறிஸ்தவப் பத்திரிகையும் வெளியிட்டார்.

அந்த ஒன்பது சிறுமிகளை அனுப்பி வைத்த பெற்றோருக்கு இது தெரியாமல் இருந்திருக்காது. மிஷன் பள்ளிக்குப் பிள்ளையை அனுப்பினால் மதம் மாறிவிடுமோ என்ற கவலை அந்தக் காலத்துப் பெற்றோர் எல்லோருக்கும் இருந்தது. அந்தக் கவலைக்குக் காரணமும் இருந்தது. இருந்தாலும் வேறு பள்ளி இல்லை. மகள் படிக்க வேண்டும் என்ற ஆசைக்கும், மகளை இழந்துவிடுவோமோ என்ற பயத்திற்கும் நடுவில் நின்று அவர்கள் ஒரு முடிவு எடுத்தார்கள். ஆசை ஜெயித்தது.

இதில் நம் சமுதாயத்திற்கு ஒரு பாடம் உண்டு. நம் பிள்ளைகளுக்கு வேண்டியதை நாம் கட்டித் தராவிட்டால், கட்டித் தருபவரிடம் போகத்தான் வேண்டியிருக்கும். பின்னாளில் தமிழர்கள் தாங்களே அந்த வேலையைக் கையில் எடுத்தார்கள். பிரிக்பீல்ட்ஸில் 1904இல் இலங்கைத் தமிழர்கள் விவேகானந்த ஆசிரமத்தை நிறுவினார்கள். அதன் வழியாகப் பள்ளிகளும் வந்தன. அதே பிரிக்பீல்ட்ஸில் தமிழ்க் கிறிஸ்தவர்களின் தேவாலயங்களும் இருக்கின்றன. ஒரே தெருக்களில் வளர்ந்த இரண்டு தரப்புமே பெண் கல்வியை முன்னெடுத்தன.

பெயர் போன கதை

ஷார்ட் ஸ்திரீட் பள்ளிக்கு மெல்ல மெல்ல மற்ற இனத்துப் பிள்ளைகளும் வரத் தொடங்கினார்கள். சீனப் பிள்ளைகள், யுரேசியப் பிள்ளைகள் என்று எண்ணிக்கை கூடியது. ஆங்கிலக் கல்விக்கு மதிப்பும் கூடிக்கொண்டே போனது. தமிழ்ப் பெண்கள் பள்ளி என்ற பெயர் மறைந்து மெதடிஸ்ட் பெண்கள் பள்ளி என்ற பெயர் வந்தது.

பள்ளி 1920களில் மவுண்ட் சோபியா குன்றுக்குப் போனது. அந்தக் குன்றின் பெயர் அம்மையாரின் பெயரிலிருந்து வந்தது என்று நினைப்பவர்கள் உண்டு. அது தவறு. அவர் சிங்கப்பூருக்கு வருவதற்கு வெகு காலம் முன்பே அந்தக் குன்றுக்கு அந்தப் பெயர் இருந்தது. ஆனால் 1992இல் பள்ளி புக்கிட் தீமா பகுதிக்கு இடம் மாறியபோது அது அமைந்த சாலைக்கு பிளாக்மோர் டிரைவ் என்ற பெயர் கிடைத்தது. இது அவர் பெயரேதான்.

சிங்கப்பூரின் முன்னணிப் பெண்கள் பள்ளிகளில் ஒன்றாக அது இன்று திகழ்கிறது. வளர்ச்சி என்று பார்த்தால் மகிழ்ச்சி. ஆனால் தமிழ்த் தந்தைமார் கேட்டு, தமிழ்ச் சிறுமிகளுக்காகத் திறந்த பள்ளி அது என்று நினைக்கும்போது மனத்தில் ஒரு சின்ன வலி வராமல் இருக்காது. தமிழ்ப் பிள்ளைகள் பெருகி வந்திருந்தால், பெற்றோர் பெருகி வந்து கேட்டிருந்தால், அந்தப் பெயர் நிலைத்திருக்குமோ என்ற கேள்வி எழத்தான் செய்கிறது. கேட்டுப் பெற்றால் மட்டும் போதாது. பெற்றதைப் பிள்ளைகளால் நிரப்பவும் வேண்டும்.

மெதடிஸ்ட் பெண்கள் பள்ளிகள் பிறகு தீபகற்பத்திலும் பரவின. கோலாலம்பூர் மெதடிஸ்ட் பெண்கள் பள்ளி 1896இல் தோன்றியது. பினாங்கிலும் ஈப்போவிலும் கிள்ளானிலும் பள்ளிகள் வந்தன. இந்தப் பள்ளிகளில் படித்து ஆசிரியைகளாக, தாதியராக, மருத்துவர்களாக உயர்ந்த தமிழ்ப் பெண்கள் ஏராளம். நம் குடும்பங்களிலேயே பாட்டி ஒருவர் அங்கே படித்திருப்பார். அந்த வரிசையின் தொடக்கத்தில் நிற்பது ஷார்ட் ஸ்திரீட் கடைவீடு.

விடைபெற்ற நாள்

ஏறத்தாழ 40 ஆண்டுகள் சிங்கப்பூரில் பணியாற்றிய சோபியா, 1920களின் இறுதியில் 70 வயதைத் தொட்ட நிலையில் ஓய்வு பெற்று ஆஸ்திரேலியா திரும்பினார். 29 வயதில் வந்தவர், வாழ்க்கையின் பெரும் பகுதியை இங்கேயே கழித்துவிட்டுப் போனார்.

அதன் பிறகு போர் வந்தது. 1942இல் சிங்கப்பூர் ஜப்பானியரிடம் வீழ்ந்தது. பள்ளிகளின் வழக்கமான வாழ்க்கை குலைந்தது. மலாயாவின் தோட்டங்களிலிருந்து தமிழர்கள் சயாம் ரயில் பாதைக்குக் கொண்டு செல்லப்பட்டார்கள். தாம் வளர்த்த பிள்ளைகளும் அவர்களின் பிள்ளைகளும் என்ன ஆனார்கள் என்று அறிந்துகொள்ள வழியில்லாத தூரத்தில், முதுமையில் இருந்தார் அம்மையார்.

1945 ஜூலை 3ஆம் தேதி, தமது 87ஆம் வயதில், ஆஸ்திரேலியாவில் அவர் காலமானார். அடுத்த மாதம் ஜப்பான் சரணடைந்தது. செப்டம்பரில் சிங்கப்பூர் மீண்டது. பள்ளியில் மறுபடியும் பிள்ளைகளின் சத்தம் கேட்டதை அவர் அறியாமலே போய்விட்டார். ஆனால் பள்ளி நின்றது.

ரவாங்கிற்கு என்ன சேதி

இந்தக் கதையை ரவாங்கில் இருந்து படிப்பவர்களுக்கு ஓர் எண்ணிக்கை மனத்தில் நிற்க வேண்டும். அது ஒன்பது.

சோபியா பள்ளி தொடங்கி 25 ஆண்டுகள் கழித்து, 1912இல், பள்ளி வயதுப் பிள்ளைகள் 10 பேர் இருந்தால் தோட்ட நிர்வாகம் பள்ளி நடத்த வேண்டும் என்று தொழிலாளர் சட்டம் விதித்தது. ரவாங்கைச் சுற்றிய தோட்டங்கள் உட்பட நாடு முழுவதும் தமிழ்ப்பள்ளிகள் பெருகியதற்கு அந்தச் சட்டம் ஒரு முக்கியக் காரணம். சட்டம் கேட்டது பத்துப் பேர். சோபியா ஒன்பது பேரோடு தொடங்கிவிட்டார்.

இன்று நாட்டில் 500க்கும் மேற்பட்ட தமிழ்ப்பள்ளிகள் இருக்கின்றன. 150 மாணவர்களுக்குக் குறைவான பள்ளிகள் குறைந்த மாணவர் பள்ளிகள் என்று வகைப்படுத்தப்படுகின்றன. தமிழ்ப்பள்ளிகளில் கணிசமானவை அந்த வகையில் வருகின்றன. தோட்டங்கள் துண்டாடப்பட்டு மக்கள் நகரங்களுக்குப் போன பிறகு, ஒரு வகுப்பில் ஐந்து பிள்ளை, ஆறு பிள்ளை என்று நடக்கும் பள்ளிகள் உண்டு. அவ்வளவு குறைவான பிள்ளைகள் இருக்கும் பள்ளிக்கு ஏன் அனுப்ப வேண்டும் என்று கேட்கும் பெற்றோரும் உண்டு.

அப்படிக் கேட்பவர்களுக்கு ஷார்ட் ஸ்திரீட் கடைவீடு ஒரு பதில் வைத்திருக்கிறது. எண்ணிக்கை குறைவு என்பது ஒரு பள்ளியின் முடிவாக இருக்க வேண்டியதில்லை. அது தொடக்கமாகவும் இருக்கலாம். அதற்கு இரண்டு பேர் வேண்டும். என் பிள்ளைக்குப் பள்ளி வேண்டும் என்று வந்து கேட்கும் பெற்றோர் ஒருவர். பிள்ளை வரவில்லை என்றால் அந்தப் பிள்ளையின் வீட்டுக்கே நடந்து போகும் ஆசிரியை ஒருவர். 1887இல் அந்த இரண்டு பேரும் ஒரே ஊரில் இருந்தார்கள். பள்ளி பிறந்தது.

நம் ஊர்ப் பாலர் பள்ளிகளில் இன்று குறைந்த சம்பளத்திற்கு வேலை செய்யும் ஆசிரியைகள் பலர், சோபியா செய்த அதே வேலையைத்தான் செய்கிறார்கள். அழும் பிள்ளையைத் தூக்கி வைத்துக்கொள்கிறார்கள். இரண்டு நாள் வராத பிள்ளையின் வீட்டுக்கு போன் செய்து விசாரிக்கிறார்கள். அவர்கள் பெயரில் சாலைகள் அமையப் போவதில்லை. ஆனால் அடுத்த முறை பிள்ளையைப் பள்ளியில் விட்டுவிட்டுத் திரும்பும்போது, ஒரு நிமிடம் நின்று அந்த ஆசிரியையிடம் பிள்ளை எப்படிப் படிக்கிறாள் என்று கேட்டுவிட்டு வரலாம். ஷார்ட் ஸ்திரீட் பள்ளியும் அப்படித்தான், அப்பாமார் சிலர் வந்து கேட்டதில் தொடங்கியது.